செத்த கன்றுகளை எண்ணப் போன கதை: கொட்டகலை கல்குவாரியில் மூன்று நாள்

2024 பிப்ரவரியில், ஐந்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு இலங்கையின் மலையகத்துக்குப் போய்வந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஒரு பழைய கல்குவாரியில் நட்ட மரக்கன்றுகள் பிழைத்திருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லப் போனேன். இதையெல்லாம் ஒருவர் கடல் தாண்டிப் போய்ச் செய்வாரா என்று வீட்டில் கேட்டார்கள். என் பிழைப்பே அதுதான். கடலூர் மாவட்டத்தில் பழுப்பு நிலக்கரி தோண்டும்போது வெளியே கொட்டிய மண்மேடுகளைச் சமன்செய்து மரம் நடுவார்கள். அந்த மேடுகளில் கயிறு கட்டிச் சதுரம் பிரித்து, எத்தனை கன்று உயிரோடிருக்கிறது, தண்டு எவ்வளவு பருத்திருக்கிறது, அடியில் இருப்பது இன்னும் கரிக்கழிவா அல்லது மண்ணாகிவிட்டதா என்று பதினோரு வருடமாக எழுதிவருகிறேன்.

என்னை அழைத்தவர் புஷ்பராணி, கொட்டகலையில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை. செடிகளை அடையாளம் காண்பதற்கென்று நாங்கள் சிலர் வைத்திருக்கும் கைபேசிக் குழுவில் பழக்கமானவர். அவர் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் சாலைக்குக் கல் உடைத்த குவாரி ஒன்று இருந்தது. அதை மூடி, பள்ளத்தைக் கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பி, ஓர் அறக்கட்டளை மூன்று வருடத்துக்கு முன் கன்று நட்டிருக்கிறது. ஏறக்குறைய எல்லாக் கன்றும் உயிரோடிருப்பதாக ஆண்டுதோறும் அறிக்கை போகிறது. செடி பிடித்துவிட்டது, நிலம் நிலைத்துவிட்டது என்று உறுதியானால், கீழே லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசைவீடு) ஒற்றை அறையில் குடியிருக்கும் இருபத்திரண்டு குடும்பங்களுக்கு அங்கேயே வீட்டுக்காணி பிரித்துக் கொடுப்பதாகப் பேச்சு.

புஷ்பராணி எனக்கு அனுப்பிய குரல்பதிவு நினைவிருக்கிறது. "இங்க இருக்கிற எல்லாருக்கும் அந்த எடத்து மேல ஆச இருக்குங்க அக்கா. எனக்குந்தான். அதனால நாங்க யாரு பாத்தாலும் பச்சையாத்தான் தெரியும். நீங்க ஒரு தடவ வந்து பாத்துருங்க."

வழியைச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். கோட்டை நிலையத்துக்குப் பக்கத்தில் இரவு தங்கி, காலை 5.55 ரயிலைப் பிடித்தேன். கண்டி போய்த் திரும்பி ஏறும் ரயில் இது. இரண்டாம் வகுப்பு, முன்பதிவு இல்லாத சீட்டு, 800 ரூபாய் (இனி எழுதும் தொகையெல்லாம் இலங்கை ரூபாய்). கண்டிவரை நின்றுகொண்டே வந்தேன். அதற்குப் பிறகு இடம் கிடைத்தது. வட்டவளை தாண்டும்போதே ஸ்வெட்டரை எடுக்க வேண்டியிருந்தது. ஹட்டனில் இறங்கும்போது மணி 11.40. கொட்டகலையிலும் ரயில் நிலையம் இருக்கிறது, ஆனால் ஹட்டனில் பணம் மாற்ற வேண்டியிருந்ததால் இறங்கிவிட்டேன். அங்கிருந்து பஸ் 60 ரூபாய், இருபது நிமிடம். புஷ்பராணி கடைவீதியிலேயே காத்திருந்தார். அன்றைய நாள் அவர் வீட்டில் ரொட்டி, கட்டசம்பல் என்ற மிளகாய்த் துவையல், தூக்கம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மோகன் என்பவரின் ஆட்டோவில் (இங்கே த்ரீவீல் என்பார்கள்) கிளம்பினோம். ஏழு கிலோமீட்டர், 1,000 ரூபாய், கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு முப்பது நிமிடம். தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று அங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. மோகன் வண்டியை நிறுத்திவிட்டு மேலே கைகாட்டினார். இரண்டு தேயிலை மலைக்கு நடுவே ஒரு சரிவு, அடர்ந்த பச்சையாக இருந்தது. அதற்கு நேர் கீழே லயத்தின் தகரக் கூரை. தூரத்திலிருந்து பார்த்தால் அங்கே குவாரி இருந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கே சந்தோஷமாக இருந்தது.

செடிகளைப் பார்த்துக்கொள்ளும் குழுவுக்குத் தலைவி செல்வமணி. நாற்பத்தைந்து வயது இருக்கும். பதினெட்டு வருடம் கொழுந்து பறித்துவிட்டு, குழந்தைகள் வளர்ந்தபின் இந்த வேலைக்கு வந்தவர். கூட ஐந்து பெண்கள். நாற்று வளர்ப்பது, குழி வெட்டுவது, நடுவது, கோடையில் சுமந்து தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அவர்கள்தான். செல்வமணி என்னைக் கன்றுகளுக்கு அறிமுகம் செய்வது போலக் கூட்டிப்போனார். சவுக்கு, முள்முருக்கு, கொய்யா, ஓரங்களில் மண் அரிக்காமல் பிடிக்க மானாப்புல். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இங்கே சவுக்கு என்றால் நம் கடற்கரைச் சவுக்கு இல்லை. நீலகிரியில் தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நிற்குமே, சில்வர் ஓக், அதைத்தான் சவுக்கு என்கிறார்கள்.

சரிவின் கீழ்ப்பகுதியில் ஓரிடத்தில் நான்கு கல் சதுரமாக வைத்திருந்தது. யாராவது ஏற்கெனவே அளந்திருக்கிறார்களா என்று கேட்டேன். செல்வமணி வெட்கப்பட்டார். அது அவர் வைத்த கல். அவருடைய வீடு அங்கே வருமாம். அடுப்படி எந்தப் பக்கம், ஜன்னல் எந்தப் பக்கம் என்று காட்டினார். அடுப்படிக்கு ஜன்னல் வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். லயத்து அறையில் இருபது வருடமாகப் புகையில் சமைக்கிறார்.

வேலையைத் தொடங்கினேன். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கயிற்றால் சதுரம் கட்டி, உள்ளே உள்ள ஒவ்வொரு கன்றையும் எண்ணி, தரையை ஒட்டித் தண்டின் சுற்றளவை அளப்பது என் முறை. முதல் சதுரத்தில் ஒரு குழிகூடக் காலி இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதும் அப்படியே இருந்தபோது எனக்குள் ஏதோ உறுத்தியது. நல்ல மண்ணில், நல்ல மழையில் நட்டாலும் நூற்றுக்குப் பத்துப் பதினைந்தாவது போகும். இது கல்லைக் கொட்டி நிரப்பிய பள்ளம்.

பிறகு அளவுகளைப் பார்த்தேன். மணிக்கட்டுப் பருமனுள்ள ஒரு சவுக்கு, அதற்கடுத்து விரல் பருமனில் ஒன்று, மறுபடி மணிக்கட்டு, மறுபடி விரல். எல்லாம் ஒரே நாளில் நட்டவை என்று குழுவின் நடவுப் பதிவேடு சொல்கிறது. விரல் பருமனுள்ள ஒன்றின் அடியில் கையால் மண்ணை ஒதுக்கினேன். நாற்றுப் பையின் கறுப்புப் பிளாஸ்டிக் கிழிசல் தண்டோடு ஒட்டியிருந்தது. பைக்குள் இருந்த மண் கட்டியாக அப்படியே இருந்தது, ஒரு வேர்கூட அதைத் தாண்டி வெளியே வரவில்லை. மூன்று வருடக் கன்று அப்படி இருக்காது. நட்டு ஐந்தாறு மாதம்கூட ஆகியிருக்காது.

இந்தக் கன்று ஏன் சின்னதாக இருக்கிறது என்று செல்வமணியிடம் கேட்டேன். குளிருக்கு வளரவில்லை என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கூட இருந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தண்ணீர் எடுக்கப் போய்விட்டார்கள்.

அன்று மாலை புஷ்பராணியிடம் சொன்னேன். செத்த கன்றை எடுத்துவிட்டுப் புதுக் கன்றை அதே குழியில் வைத்து, எண்ணிக்கையை நிறைவாகக் காட்டியிருக்கிறார்கள்.  செல்வமணியின் மகள் புஷ்பராணியிடம் படித்தவள். அந்தக் குழுவில் இருக்கும் ஆறு பெண்களையும் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இதை எழுதினால் ஆறு பேரின் வேலையும் போகும், லயத்தில் யாரும் அவர்களோடு பேச மாட்டார்கள் என்றார். எழுதாவிட்டால் அந்த நிலத்தில் வீடு வரும் என்றேன். அதுவும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. கடைசியில், நாளைக்கு நீங்கள் மட்டும் போங்கள், நான் கூட இருந்தால் அவர் வாய் திறக்க மாட்டார் என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்த உட்கார்ந்தார்.

உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்குச் செல்வமணிமேல் கோபம்தான் இருந்தது. ஏமாற்றுவேலை என்றுதான் நினைத்தேன். அறிக்கையின் முதல் வரியைக்கூட மனதுக்குள் எழுதிவிட்டேன்.

இரண்டாம் நாள் காலை ஏழரைக்கு நான் போனபோது செல்வமணி தனியாக நின்றிருந்தார். மற்றவர்களை நாற்றங்காலுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்.  கயிற்றை அவிழ்த்து ஒரு முனையை அவரிடம் கொடுத்தேன். பிடித்துக்கொண்டு நின்றவர், கயிற்றைக் கீழே வைத்தார்.

"மிஸ், அது குளிரு இல்ல. செத்துப்போச்சு, வேற வச்சோம்."

"எத்தனை தடவை?"

"எந்தக் குழிய கேக்குறீங்க?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. எந்தக் குழி என்று கேட்டால் அவரால் சொல்ல முடியுமா என்றேன். முடியும் என்றார். ஒவ்வொரு குழியையும் அவர் கையால் வெட்டியிருக்கிறார் அல்லது வெட்டும்போது பக்கத்தில் நின்றிருக்கிறார். ஒவ்வொரு கன்றையும் பிடுங்கியதும் அவர்தான். முதல் வருடம் முடிவில் அறக்கட்டளையிலிருந்து வந்த ஒருவர், இத்தனை செத்தால் அடுத்த வருடம் கன்று தர மாட்டார்கள், திட்டத்தை மூடிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதற்குப் பிறகு இந்தப் பெண்கள் விதை பொறுக்கி, தங்கள் லயத்துக்குப் பின்னால் சொந்தமாக நாற்று வளர்த்திருக்கிறார்கள். யார் கொடுத்த கன்றும் இல்லை, கூலியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து செத்ததை எடுத்துவிட்டு நட்டிருக்கிறார்கள்.

"விடாம வச்சுக்கிட்டே இருந்தா ஒரு நாளைக்கி பிடிச்சிரும்னு நெனச்சோம் மிஸ். பொய் சொல்றோம்னு தெரியும். ஆனா பிடிச்சிட்டா அது பொய்யில்லாம போயிரும்ல."

 முந்தைய நாள் மனதுக்குள் எழுதிய முதல் வரி எனக்கே பிடிக்காமல் போனது அப்போதுதான்.

குழிகளை எல்லாம் வரிசையாகக் குறித்திருந்த நடவு வரைபடத்தை விரித்தேன். அவர் மேல் வரிசையிலிருந்து தொடங்கினார். இது முதலில் வைத்தது. இதுவும். இது ஒரு தடவை செத்தது, அந்த வருடம் மாடு மேய்ந்துவிட்டது. இது இரண்டு. இது நான்கு, இதற்குமேல் இங்கே வைக்கக்கூடாது என்று குழுவில் இருக்கும் பரமேஸ் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை என்றார். அவர் சொல்லச் சொல்ல, அங்கே எத்தனை தடவை செத்தது என்ற எண்ணை வரைபடத்தில் ஒவ்வொரு குழிமேலும் நான் எழுதிக்கொண்டே போனேன். இடையில் பால் ஊற்றாத பிளேன்டீயும் ரொட்டியும் வந்தன, நின்றுகொண்டே சாப்பிட்டோம். மதியம் ஒரு மணிக்கு மேல் ஆகிவிட்டது. எங்காவது அவர் தடுமாறினால் அந்தக் கன்றின் அடியைத் தோண்டிப் பார்த்தோம். நான் தோண்டிய பதினாறு இடத்திலும் அவர் சொன்னது சரியாக இருந்தது.

முடித்துவிட்டு வரைபடத்தைப் பாறைமேல் வைத்துப் பார்த்தோம். ஒன்றும் பூஜ்யமும் எங்கும் சிதறிக் கிடந்தன. ஆனால் மூன்று, நான்கு, ஐந்து என்ற எண்கள் மட்டும் சிதறவில்லை. வலது மேல் மூலையில் தொடங்கி, சரிவைக் குறுக்காக வெட்டிக்கொண்டு, ஏழெட்டு மீட்டர் அகலத்தில் ஒரு பட்டையாகக் கீழே இறங்கி லயத்தின் பின்சுவர் அருகில் முடிந்தன. அந்தப் பட்டையில் நடந்து பார்த்தால் தரையில் கோரைப்புல். நேற்று அதைப் பச்சை என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன். மழை இல்லாத பிப்ரவரியில், சரிவான நிலத்தில், கோரை முளைக்க ஒரு காரணம்தான் உண்டு.

நான்கு முறை செத்த குழி ஒன்றில் கடப்பாரையை இறக்கினோம். ஒரு சாண் ஆழம் மண். அதற்குக் கீழே உடைந்த கல், கல்லுக்கு நடுவே வெறும் சந்து. முழங்கை ஆழத்தில் தண்ணீர் ஊறி நின்றது. பழைய ஓடை ஒன்றை மூடித்தான் குவாரிப் பள்ளத்தை நிரப்பியிருக்க வேண்டும். தண்ணீர் தன் வழியிலேயே கல்லுக்கடியில் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. வேர் அழுகித்தான் கன்றுகள் செத்திருக்கின்றன. ஜூன், ஜூலை மழையில் அதே வழியில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று நினைத்துப் பார்த்தேன். மேலே வீட்டின் பாரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மலையில் பிறந்தவருக்கு மண்சரிவைப் பற்றிக் கடலூர்க்காரி சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது?

அவர் வைத்த நான்கு கல்லில் மூன்று அந்தப் பட்டைக்குள் இருந்தன.

செல்வமணி அங்கே போய் அந்தச் சதுரத்துக்குள் உட்கார்ந்தார். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். கீழே லயத்தில் யாரோ ரேடியோ போட்டிருந்தார்கள். சற்று நேரம் கழித்து அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இந்த வரைபடத்துக்கு இன்னொரு பிரதி எடுக்க முடியுமா என்று கேட்டார். எதற்கு என்றேன். லயத்து ஆட்களுக்குக் காட்ட வேண்டும் என்றார். அறிக்கையில் அவர் பெயரையோ குழுவையோ எழுத மாட்டேன், மறுநடவு நடந்திருக்கிறது என்று மட்டும் எழுதுகிறேன், அது போதும் என்று நான் சொன்னேன்.

"நீங்க எழுதாம விடலாம் மிஸ். ஆனா இந்த நம்பரெல்லாம் எங்கருந்து வந்துச்சுன்னு கேப்பாங்கள்ல. நான் சொன்னாத்தான் நம்புவாங்க."

மூன்றாம் நாள் ஞாயிறு. காலை பத்து மணிக்குக் கோயில் முன்னால் இருபத்திரண்டு குடும்பங்களிலிருந்தும் ஆட்கள் கூடினார்கள். புஷ்பராணியும் வந்திருந்தார். நான் வரைபடத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். அதற்குப் பிறகு செல்வமணி எழுந்து, தான் செய்ததைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். குரல் உயர்த்தவில்லை, அழவும் இல்லை. கூட இருந்த ஐந்து பெண்களும் அவர் சொல்லித்தான் செய்தார்கள் என்றபோது மட்டும் பரமேஸ் குறுக்கிட்டு, யாரும் சொல்லிச் செய்யவில்லை, எல்லாரும் சேர்ந்துதான் செய்தோம் என்றார்.

கோபப்பட்டவர்கள் இருந்தார்கள். ஒருவர் மூன்று வருடமாக எங்களை முட்டாளாக்கினீர்களே என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அவருக்கு அடுத்த மாதம் மகனின் கல்யாணம், அதே ஒற்றை அறையில்தான் மருமகளும் வந்து இருக்க வேண்டும். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஒரு கிழவர் வரைபடத்தை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்து, சின்ன வயதில் அந்த ஓடையில் குளித்திருக்கிறேன், எங்கே போனது என்று இத்தனை நாள் யோசிக்கவில்லையே என்றார். பிறகு பேச்சு மாறியது. பட்டைக்கு வெளியே இடதுபக்கத்தில் எத்தனை வீடு வரும், மேல் தட்டு யாருக்கு, கீழே தண்ணீர் வடியக் கான் வெட்ட யாரைக் கேட்பது என்று பேச ஆரம்பித்தார்கள். நான் அங்கே தேவைப்படவில்லை. மோகன் வண்டியோடு காத்திருந்தார். மதியம் ஹட்டனில் ரயில் ஏறினேன்.

என்ன ஆனது என்று கேட்பீர்கள். அறக்கட்டளைக்கு அனுப்பிய என் அறிக்கையில் இரண்டு விஷயம் எழுதினேன். குறுக்குப் பட்டையில் எந்தக் கட்டடமும் கூடாது, நிலவியல் தெரிந்தவர்கள் வந்து தோண்டிப் பார்க்கும்வரை மற்ற இடத்திலும் காணி பிரிக்கக்கூடாது. அடுத்து, இந்த நிலத்தில் எது எங்கே பிழைக்கும் என்பது இந்த ஆறு பெண்களுக்குத்தான் தெரியும், அவர்களை மாற்றக்கூடாது. அறக்கட்டளை முதலில் இறுக்கமாகத்தான் பதில் எழுதியது. புஷ்பராணி விடவில்லை. ஏப்ரலில் மண் பரிசோதிப்பவர்கள் வந்தார்கள். லயத்துக்குப் பின்னால் கல் கட்டிய கான் ஒன்று மே மாதத்துக்குள் முடிந்தது. ஜூலை மழையில் பட்டையின் நடுவில் ஒரு பகுதி இரண்டு அடி கீழே இறங்கியது. கன்றுகள் சாய்ந்தன, ஆட்களுக்கு ஒன்றுமில்லை. இடதுபக்கத்தில் பன்னிரண்டு குடும்பங்களுக்குக் காணி உறுதியாகிவிட்டது. பத்துக் குடும்பங்களுக்கு இன்னும் இல்லை. அந்தப் பத்தில் செல்வமணி குடும்பமும் உண்டு.

நீங்கள் இந்தப் பக்கம் போவதாக இருந்தால் சில விஷயங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஹட்டன், வட்டவளைப் பக்கம் மழை விடாது, அட்டைக்கும் குறைவில்லை. காலையில் குளிர் எலும்புக்குள் போகும், ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். தோட்டத்துக்குள் போக உள்ளூர் ஆள் ஒருவர் கூட இருப்பது நல்லது. தோட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். லயங்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள், அது அவர்கள் வீடு. ஹட்டனில் ஏ.டி.எம். உண்டு, உள்ளே எங்கும் கிடையாது. மூன்று நாளைக்கு, விமானம் தவிர்த்து, எனக்கு ஆன செலவு 14,000 ரூபாய்க்குள். தங்க வீடு இருந்ததால் அப்படி. அறை எடுத்தால் இரட்டிப்பாகும்.

என்னைப்போல் செடி எண்ணுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பதினோரு வருடமாக உயிரோடிருப்பதை மட்டுமே எண்ணியிருக்கிறேன். எண்ணும் படிவத்தில் செத்ததற்கென்று தனிக் கட்டமே இல்லை. ஊர் திரும்பியதும் அதைச் சேர்த்தேன்: இந்தக் குழியில் இது எத்தனையாவது கன்று?

புதுப் படிவத்தோடு எங்கள் கரிமேட்டுக்குப் போன முதல் நாள், அங்கே நடவுவேலை செய்யும் பெண்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். என்னோடு அத்தனை வருடமாகக் கயிறு பிடித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.  பிறகு அஞ்சலை, என் முதல் வருடத்திலிருந்து அங்கே இருப்பவர், மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"நெசத்தச் சொல்லலாமாம்மா?"